20 வெள்ளி போத்தலில் எத்தனை வெள்ளிக்கு ஒயின் இருக்கிறது?

சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு விடுமுறை போய்வந்த குடும்பங்களில் அடிக்கடி எழும் குழப்பம் ஒன்று உண்டு. அங்கே ஸ்வான் பள்ளத்தாக்கில் ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்று நாலைந்து ஒயின்களை வாய் நனைத்துப் பார்த்து, பிடித்ததை 25 ஆஸ்திரேலிய வெள்ளிக்கு வாங்கியிருப்பார்கள். ஊர் திரும்பி அதே தரத்தில் ஒன்றைத் தேடினால் 45, 50 வெள்ளி என்கிறார்கள். பேரங்காடியிலோ 20 வெள்ளிக்கே போத்தல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சிறு ஆலைகளின் ஒயினை விற்பவர் அநியாய லாபம் பார்க்கிறார் என்ற சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது.

உண்மையில் சிங்கப்பூரில் மலிவான போத்தல்தான் விலை கூடியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

வரி எதன்மீது விழுகிறது?

சிங்கப்பூரில் ஒயினுக்கு இறக்குமதிச் சுங்க வரி கிடையாது. இருப்பது, எந்த நாட்டு ஒயினுக்கும் ஒன்றுபோல் விழும் உற்பத்தித் தீர்வை. 2014ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது 25 விழுக்காடு உயர்த்தப்பட்டு, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி ஆனது. ஒரு லிட்டர் ஒயினுக்கு 88 வெள்ளி என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். போத்தலில் இருக்கும் தூய ஆல்கஹாலை மட்டும் அளந்து போடப்படும் தீர்வை இது.

கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வழக்கமான போத்தல் 750 மில்லிலிட்டர். லேபிளில் 13.5 விழுக்காடு என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் ஆல்கஹால் சுமார் 101 மில்லிலிட்டர். அதற்குத் தீர்வை 8 வெள்ளி 91 காசு.

2. ஒயினின் விலை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. கப்பலில் வந்து இறங்கும்போது 4 வெள்ளி மதிப்புள்ள போத்தலுக்கும் 8.91, 400 வெள்ளி மதிப்புள்ள போத்தலுக்கும் 8.91.

3. இறக்குமதியாளரும் கடைக்காரரும் வாடகை, சம்பளம், குளிர்சாதனக் கிடங்கு, லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 விழுக்காடு ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றம் தீர்வையின்மீதும் விழும். அவர்கள் தீர்வைக்கும் கையிலிருந்து பணம் போட்டிருக்கிறார்கள் அல்லவா?

4. அதன்மேல் பொருள் சேவை வரி. 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு.

இப்போது இரண்டு போத்தல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 4 வெள்ளி மதிப்பில் வந்து இறங்குகிறது. தீர்வை சேர்த்தால் 12.91. நாற்பது விழுக்காடும் 9 விழுக்காடும் ஏறியபின் 19.70. இரண்டாவது 14 வெள்ளி மதிப்பில் வந்து இறங்குகிறது. தீர்வை சேர்த்தால் 22.91. அதே ஏற்றங்களுக்குப்பின் 34.96.

முதல் போத்தலுக்கு நீங்கள் கொடுக்கும் 20 வெள்ளியில் ஏறத்தாழ 13.60 வெள்ளி, தீர்வையும் அதன்மேல் ஏறிய சுமையும்தான். மிச்சமிருக்கும் ஆறு வெள்ளி சொச்சத்துக்குள் திராட்சை, உழைப்பு, கண்ணாடி, தக்கை, லேபிள், கப்பல் கூலி எல்லாம் அடங்கவேண்டும். இரண்டாவது போத்தலிலும் தீர்வைச் சுமை அதே 13.60. ஆகவே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 15 வெள்ளியும் ஒயினைச் சேர்ந்த பங்குக்கே போகிறது. விலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஒயினின் மதிப்போ மூன்றரை மடங்காகிவிட்டது.

விலை பார்த்து வரி போடும் நாடுகளில் இந்த விளைவு வராது. ஹாங்காங்கில் 2008 பிப்ரவரியில் ஒயின் தீர்வையையே எடுத்துவிட்டார்கள். அதனால் அங்கே மலிவான ஒயின் நிஜமாகவே மலிவு.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வர்த்தக உடன்பாடு 2019 நவம்பரில் நடப்புக்கு வந்தபோது பிரெஞ்சு, இத்தாலிய ஒயின் விலை இறங்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். இத்தகைய உடன்பாடுகள் குறைப்பது சுங்க வரியை. ஒயினுக்கு அது முன்பே பூஜ்யம். உற்பத்தித் தீர்வை எந்த நாட்டு ஒயினாக இருந்தாலும் ஒன்றுதான், ஆகவே அது அப்படியே நின்றது.

சிறு ஆலைப் போத்தல் இங்கே வர ஏன் திணறுகிறது?

நான்கு ஹெக்டர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டருக்கு 5,000 லிட்டர் என்ற நடுத்தர விளைச்சலில் ஆண்டுக்கு 20,000 லிட்டர், அதாவது சுமார் 26,600 போத்தல்கள் வரும். அதிலும் நல்ல துண்டு நிலத்துத் திராட்சையைத் தனியாக எடுத்து 225 லிட்டர் ஓக் பீப்பாயில் வைத்தால், ஒரு பீப்பாய்க்கு 300 போத்தல். அப்படி மூன்று பீப்பாய் இருந்தால் அந்த ஒயின் உலகத்துக்கே 900 போத்தல்தான்.

இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் 10,000 போத்தல்களுக்குமேல் ஏறும். பெரிய நிறுவனங்கள் கொள்கலன் கொள்கலனாக அனுப்புவதால் போத்தலுக்கு விழும் கப்பல் கூலி சொற்பம். நமது குடும்பத்தால் சிங்கப்பூருக்கு ஒதுக்க முடிவது சில நூறு போத்தல். அவை மற்றவர்களின் சரக்கோடு ஒண்டிக்கொண்டு வரவேண்டும். வெப்ப மண்டலத்தைக் கடக்கும்போது கெடாமலிருக்கக் குளிர்பதனக் கொள்கலன் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். பெர்த்தில் 25 வெள்ளிக்குக் கிடைத்தது இங்கே 45ஐத் தொடுவதன் மர்மம் இவ்வளவுதான். நடுவில் யாரும் கொழுத்துவிடவில்லை.

இதற்காகச் சிறியதெல்லாம் சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றாலைகளில் நொதித்தல் தடம்புரண்டு வினிகர் வாடையோ தொழுவ வாடையோ அடிக்கும் ஒயின்களும் வருகின்றன. அந்த வாடையை மண்ணின் குணம் என்று புகழ்ந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். வினிகர் வாடை வந்தால் அது குறைதான், தயங்காமல் சொல்லலாம். சிற்றாலைகளிடம் எனக்குப் பிடித்தது வேறு. ஓர் ஊரின் ஒரு சரிவில், ஓர் ஆண்டின் மழையிலும் வெயிலிலும் என்ன விளைந்ததோ அதையே அவர்கள் போத்தலில் அடைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரே சுவை வரவேண்டும் என்பதற்காகப் பத்து ஊர்த் திராட்சையைக் கலக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அந்த வசதியின்மைதான் சுவை.

லேபிளில் எதைப் பார்க்கவேண்டும்?

1. ஊரின் அளவு. ஆஸ்திரேலியப் போத்தலில் ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்றிருந்தால், அந்த எல்லைக்குள் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், இன்னும் இரண்டு மாநிலங்களின் பகுதிகளும் அடக்கம். எங்கிருந்து வேண்டுமானாலும் திராட்சை வந்திருக்கலாம். ‘மார்கரெட் ரிவர்’ என்றிருந்தால் குறைந்தது 85 விழுக்காடு அந்த ஊரிலிருந்து வந்திருக்கவேண்டும் என்பது சட்டம். ஊர் சிறுக்கச் சிறுக்க, தகவல் கூடுகிறது.

2. அடைத்தவர் யார். பிரெஞ்சுப் போத்தலில் ‘மி ஆன் புத்தேய் ஓ தொமேன்’ (Mis en bouteille au domaine) என்ற சொற்றொடர், தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது என்று பொருள்படும். ஷாம்பேனில் இதைவிடத் துல்லியமான குறி உண்டு. லேபிளின் அடி ஓரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடவேண்டிய அளவில், இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். ‘ஆர்எம்’ என்றால் சொந்தத் திராட்சையில் தாமே தயாரித்த விவசாயி. ‘என்எம்’ என்றால் பிறரிடமிருந்து திராட்சை வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். புகழ்பெற்ற பெரிய பெயர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

3. ஆல்கஹால் விழுக்காடு. நமக்கு இது வரிக் கணக்கும்கூட. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் ‘கபினெட்’ எனும் இலேசான வகை ரீஸ்லிங் வெள்ளை ஒயின் 8 விழுக்காட்டில்கூடக் கிடைக்கும். அதற்குத் தீர்வை 5.28 வெள்ளி. ஆஸ்திரேலியாவின் பரோசாவில் விளையும் 14.5 விழுக்காட்டு ஷிராஸ் சிவப்பு ஒயினுக்கு 9.57 வெள்ளி.

4. திருகு மூடி மட்டத்தின் அடையாளம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். தக்கையிலிருந்து சில நேரம் ஒரு வேதிப்பொருள் ஒயினில் இறங்கி, நனைந்த அட்டைப்பெட்டி வாடையைக் கொடுக்கும். அதைத் தவிர்க்க ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஒன்றாகச் சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள்.

5. ‘ரிசர்வ்’ என்ற சொல். ஸ்பெயினில் அதற்குச் சட்டப் பொருள் உண்டு. ரியோஹா சிவப்பு ஒயின் ‘ரெசெர்வா’ ஆக மூன்று ஆண்டு காத்திருக்கவேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கழியவேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல்லை யாரும் போட்டுக்கொள்ளலாம்.

சுவைப்பதற்குத் தமிழ் போதும்

ஒயின் கடைகளில் வார இறுதியில் நடக்கும் சுவைப்பு மேசைகளுக்குப் போகத் தயங்கும் நம்மவர்கள் அதிகம். ‘பிளாக்கரண்ட்’, ‘கூஸ்பெர்ரி’ என்று பக்கத்தில் நிற்பவர் அடுக்கும்போது, அந்தப் பழங்களைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர் வாயடைத்துப் போகிறார். அந்தப் பட்டியல் அவர்கள் ஊர்ச் சந்தையில் விற்பது. நம் அடுப்படியில் இருப்பது அதற்குக் குறைந்ததல்ல.

துவர்ப்பிலிருந்து தொடங்கலாம். சிவப்பு ஒயினில் ஈறும் நாக்கும் வறண்டு பிடித்தாற்போல் ஆவது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானினால். அது எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழவழப்புப் போய்விடுகிறது. ஆங்கிலம் பேசுபவர்கள் இதை விளக்கச் சிரமப்படுவார்கள். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பைச் சொல்லிக்கொடுத்து வளர்க்கப்பட்ட நமக்கு வாழைப்பூ, பாக்கு, கடுக்காய், அதிகநேரம் ஊறிவிட்ட தேநீர் என்று அளவுகோலே இருக்கிறது. இந்த ஒயின் வாழைப்பூ அளவு, அது கடுக்காய் அளவு என்று சொன்னால் போதும், உங்கள் கூட்டாளிக்குப் புரியும்.

மிளகு மணம் இன்னும் சுவையான விஷயம். சில ஷிராஸ் ஒயின்களை முகர்ந்தால் அப்போதுதான் இடித்த மிளகு போல் மணக்கும். இது கற்பனை உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற அதே வேதிப்பொருள் மிளகிலும் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து 2008இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த பகுதித் தோட்டங்களில் அது கூடுதலாகச் சேரும். அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரியவந்தது. ஐவரில் ஒருவருக்கு அந்த மணம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் மூக்கில் ஏறவில்லை. ஆகவே ஐந்து பேர் உட்கார்ந்து சுவைக்கும்போது ஒருவர் "எனக்கு மிளகே தெரியவில்லை" என்றால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அவரைத் திருத்த வேண்டாம்.

வெள்ளை ஒயினில் மஸ்கட் வகையைத் தேடிப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற இனம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பழம். தேக்கா சந்தையில் பன்னீர் திராட்சையை உடைத்து வாயில் போட்டவருக்கு மஸ்கட் ஒயினின் மணம் முன்பே அறிமுகமானது. அந்த மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் லினலூல்தான் மல்லி விதையிலும் மணப்பது. கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, வறுக்காத மல்லி விதை இரண்டை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்த்தால் இரண்டுக்கும் உள்ள உறவு பிடிபடும்.

செய்யும் முறை எளிது. ஒவ்வொன்றிலும் 30 மில்லிலிட்டருக்குமேல் ஊற்றவேண்டாம். முதலில் முகர்ந்துவிட்டுப் பிறகு வாயில் வையுங்கள். துப்புவது அவமரியாதை ஆகாது, தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லாரும் துப்புகிறார்கள். பழ மணம் வீசுவதால் இனிப்பு என்று நினைத்துவிடுவது பொதுவான தவறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வைத்துப் பாருங்கள், சர்க்கரை இருந்தால் நாக்கின்மேல் தெரியும். புளிப்பை அளக்க, விழுங்கியபின் தலையைச் சற்றுக் குனியுங்கள். கன்னத்தின் உட்புறம் எவ்வளவு எச்சில் ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு.

நம் வெயிலும் நம் காரமும்

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறவேண்டும் என்ற விதி, குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. அது குறிப்பது 16 முதல் 18 டிகிரி. பிற்பகலில் 30 டிகிரியில் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில் அதே விதியைப் பின்பற்றினால் ஆல்கஹால் மட்டும் மூக்கைத் துளைக்கும், பழம் அடங்கிப்போகும். சிவப்பு ஒயினையும் அரை மணிநேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். சாதாரணப் போத்தல்கூட நிமிர்ந்து உட்காரும்.

மீன்தலைக் கறிக்கும் மிளகு நண்டுக்கும் எது பொருந்தும் என்பதற்கு உடலியல் விடை உண்டு. வாயில் காரத்தை உணர்த்தும் அதே உணர்விதான் சூட்டையும் உணர்த்துகிறது. வழக்கமாக 42 டிகிரியளவில் விழிக்கும் அது, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியளவிலேயே விழித்துவிடுகிறது. உடல் வெப்பத்திலேயே எரிய ஆரம்பிக்கும் என்று அர்த்தம். அதன்மேல் மிளகாயும் சேர்ந்தால் 14.5 விழுக்காட்டு ஒயின் தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல்தான். துவர்ப்பு மிகுந்த சிவப்பு, எரிச்சலை இன்னும் கூட்டும். ஆல்கஹால் குறைந்து, கொஞ்சம் இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள மோசல் ரீஸ்லிங் காரத்தைத் தணிக்கும். நம் சாப்பாட்டுக்குப் பொருந்தும் ஒயினுக்கே தீர்வையும் குறைவு என்பது நமக்குக் கிடைத்த நல்ல தற்செயல்.

சிறு வட்டார ஒயின் என்றால் பிரான்சுக்கே போகவேண்டும் என்பதில்லை. தாய்லாந்தின் காவ் யாய் மலைப்பகுதியிலும் பாலித் தீவிலும் ஒயின் தயாரிக்கிறார்கள். நாசிக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, குளிர்ந்த இரவுகள் உள்ள மாதங்களில் பழுக்கவைத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை செய்கிறார்கள். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பரில். வெப்ப மண்டலத்தில் ஒயின் வராது என்ற பழைய எண்ணத்தை இந்தத் தோட்டங்கள் மாற்றிக்கொண்டிருக்கின்றன. நம்மவர்கள் இவற்றுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பயணத்தில் வாங்கிவருவது

1. பதினெட்டு வயது நிரம்பியவர், சிங்கப்பூருக்கு வெளியே 48 மணிநேரமாவது இருந்துவிட்டு, மலேசியா தவிர்த்த நாட்டிலிருந்து திரும்பினால் தீர்வைச் சலுகை உண்டு. 2019 ஏப்ரல் முதல் அதன் உச்ச அளவு மொத்தம் 2 லிட்டர். முழுவதையும் ஒயினாகவே எடுத்துக்கொள்ளலாம்.

2. இரண்டு போத்தல் என்றால் 1.5 லிட்டர், கவலையில்லை. மூன்றாவது போத்தல் 2.25 லிட்டர் ஆக்கிவிடும். அப்போது அறிவித்து வரி செலுத்தவேண்டும். தோட்டத்து வாசலில் மனம் கவர்ந்த ஒன்றை, பத்து வெள்ளியையொட்டிய வரிக்குப் பயந்து விட்டுவர வேண்டியதில்லை. அறிவிக்காமல் வருவதுதான் குற்றம்.

3. ஜோகூர் போய்வருபவர்களுக்கு இந்தச் சலுகை அறவே இல்லை, எத்தனை நாள் தங்கியிருந்தாலும்.

நண்பர்களோடு சுவைக்கும்போது

2015 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை கடையில் மது வாங்கிச்செல்ல முடியாது, பொது இடத்தில் அருந்தவும் கூடாது. வீவக கீழ்த்தளமும் பொது இடமே. 2013 டிசம்பர் 8ஆம் தேதிக் கலவரத்துக்குப்பின் லிட்டில் இந்தியாவிலும், அதோடு கேலாங்கிலும், வார இறுதி முழுவதும் பொது இடத்தில் அருந்தத் தடை இருக்கிறது. வீட்டுக் கூடத்திலும் உரிமம் பெற்ற உணவகத்திலும் சுவைப்பதற்கு இது பொருந்தாது.

ஆல்கஹாலில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு மருந்து என்று யாராவது ஊற்றிக்கொடுத்தால் நம்பவேண்டாம். குடிக்காதவரைச் சுவைப்பு மேசைக்கு வற்புறுத்தி இழுக்கவும் வேண்டாம், முகர்ந்து மட்டும் பார்ப்பவரும் அந்த மேசையில் முழு உறுப்பினரே.

பிடித்த போத்தலை மறுபடி எப்படிப் பிடிப்பது?

மூன்று பீப்பாய் ஒயின் அடுத்த மாதம் கடையில் இருக்காது. பெயரைக் குறித்துவைத்துத் தேடி ஏமாறுபவர்கள்தான் அதிகம். முன் லேபிளைப் படமெடுப்பதைவிட, போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஆலையின் லேபிளுக்குக் கீழே, சற்றே கோணலாக ஒட்டிய ஒரு சிறு வெள்ளைச் சீட்டு இருக்கும். இறக்குமதியான உணவுப்பொருளில் உள்ளூர் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூரின் விதி. சில நூறு போத்தல்களுக்காகக் குளிர்பதனக் கொள்கலனுக்குப் பணம் கட்டத் துணிந்தவர் அவர். ஒரு நல்ல சிற்றாலையைக் கண்டுபிடித்தவரிடம் பெரும்பாலும் இன்னும் பத்துச் சிற்றாலைகள் இருக்கும். அந்தச் சீட்டைப் படமெடுத்துக்கொண்டு, அவர் எங்கே, எப்போது சுவைப்பு மேசை போடுகிறார் என்று விசாரியுங்கள்.